கேக்காம வர்ற லிங்க்

பாலக்கோட்டுல பஸ் ஏறி ஜன்னலோரம் உக்காந்தேன். பக்கத்துல வந்து உக்காந்தவரு கட்டில், பீரோ கடை வச்சிருக்கிற பாய். அவரு கடையோட வெப்சைட்டைப் பாத்துக்கிறது நான்தான்.

"ஏம்மா, கூகுள்ல தேடுனா நம்ம கடை மேல வரட்டும்னு, தெரிஞ்சவங்க வெப்சைட்டுல எல்லாம் நம்ம கடை லிங்க்கைப் போட வெச்சேன். கூகுள் ரிப்போர்ட்டுல கொஞ்சந்தான் காட்டுது. மீதி எங்க போச்சு?"

"எல்லாத்தையும் காட்டாதுங்க பாய். காட்டுனாலும், கல்யாண மண்டபம், கோழிக்கடை சைட்டுல இருந்து வர்ற லிங்க்குக்குப் பெருசா மதிப்பில்லீங்க."

"ஒருத்தன் ஆயிரம் லிங்க் தர்றேங்கிறான். அவன்கிட்டயே வேலையைக் குடுத்துறட்டுமா?"

என் கையில இருக்கிற பெரிய வேலையே இவரு சைட்டுதான். எந்திரிச்சுப் போலாம்னா பஸ்ஸுல நிக்கவும் இடமில்லை. நானே ஆயிரம் லிங்க் வாங்கித் தர்றேன்னு பொய் சொல்லவும் மனசு வரலை.

"வேண்டாங்க. காசுக்கு வாங்குன லிங்க்குன்னு தெரிஞ்சா, தேடுறப்ப கூகுள் நம்மளைக் கீழ தள்ளிரும்."

"அப்ப எதுக்குத்தான் மதிப்பு?"

"நாம கேக்காமலே, யாராவது அவங்களா நம்ம கடையைப் பத்தி எழுதி லிங்க் குடுக்கணுங்க."

தர்மபுரியில எறங்கும்போது பாய் சொன்னாரு: "சரிம்மா, நீயே பாத்துக்க. அந்த மாதிரி ஒரு அம்பது பேரை ஏற்பாடு பண்ணிரு."

பாலக்கோட்டுக் கட்டில் கடையைப் பத்தித் தானா எழுதுறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. நான் கேட்டேன்னு மட்டும் எழுதிராதீங்க.