அக்காவுக்கு மட்டும் உளுந்தங்களி

அக்கா பெரியவளான அந்தப் பதினாறு நாளும் நான் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன். அதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. அப்போது எனக்குப் பதினொரு வயது, சீவலப்பேரியிலேயே ஆறாம் வகுப்பு. அக்கா டவுன் பஸ்ஸில் போய்ப் பாளையங்கோட்டையில் ஒன்பதாவது படித்தாள். ஒரு நாள் வயிறு வலிக்கிறது என்று பாதியில் திரும்பி வந்தாள். சாயங்காலமே மாமா வந்து முற்றத்தில் தென்னை ஓலையால் குச்சு கட்ட, அவள் அதற்குள் மகாராணிபோல உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் அவளுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். அதை நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். ஆனால் பின்னாலேயே உளுந்தங்களி வருமே! கறுப்பு உளுந்தும் அரிசியும் வறுத்துத் திரித்த மாவை உடன்குடிக் கருப்பட்டிப் பாகில் போட்டு, கையில் ஒட்டாமல் வரும்வரை எண்ணெய் விட்டுக் கிண்டுவார்கள். எனக்கு ருசி பார்க்க ஒரே ஒரு உருண்டை. மற்றபடி பழையதும் ஊறுகாயும்தான்.

பள்ளியில் அந்த வாரம் பார்த்துச் சத்துகள் பாடம் நடத்தினார்கள். அரிசியில் மாவுச்சத்து, உளுந்தில் புரதம், எண்ணெயில் கொழுப்பு, கருப்பட்டியில் இரும்பு. மனப்பாடம் செய்யச் செய்ய எனக்கு ஆத்திரம் ஏறியது. புத்தகத்தில் இருந்ததெல்லாம் அக்காவின் கிண்ணத்தில் இருந்தது. தண்ணீரும் உடம்புக்குத் தேவை என்று கடைசியில் போட்டிருந்தது. அதை மட்டும் எனக்கு யாரும் மறுக்கவில்லை.

எனக்கும் கிண்ணம் வேண்டும் என்று அடம்பிடித்தேன். “அது இடுப்பெலும்புக்குப் பெலம்ளா, ஒனக்கு எதுக்கு?” என்று அத்தை விரட்டினாள்.

ஐந்தாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

“எம்மா, வயிறு வலிக்கு. நானும் பெரியவளாயிட்டேன்.”

அம்மாவின் கையிலிருந்து கரண்டி நழுவியது. அத்தை என்னைத் தனியே இழுத்துப்போய் இரண்டு கேள்வி கேட்டாள். பதில் தெரியாமல் புரதம், இரும்பு என்று உளறினேன். அத்தை சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரைக்கும் கேட்டது. எனக்குக் கிடைத்தது சுக்குக் கஷாயம்.

குச்சுக்குப் பின்னால் நின்று அழுதேன். ஓலையை விலக்கி அக்கா கிண்ணத்தை நீட்டினாள். “தின்னுளா. ஆனா தெனமும் பஸ் ஸ்டாப்புல எங்க கிளாஸ் பிள்ளைகளப் பாத்து, என்ன பாடம் நடக்குன்னு கேட்டுட்டு வந்து சொல்லணும்.”

இவ்வளவு சுலபமான வேலைக்கு இத்தனை களியா! அக்கா ஒரு முட்டாள் என்றே நினைத்தேன். கணக்கில் புதுப் பாடம் தொடங்கிவிட்டதாம் என்று நான் சொன்ன அன்று, அவள் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. கிண்ணம் முழுவதும் எனக்கே வந்தது.

பதினாறாம் நாள் அக்காவுக்குத் தண்ணீர் ஊற்றிக் குச்சைப் பிரித்தார்கள். மறுநாள் காலை அப்பா அக்காவின் பையிலிருந்து புத்தகங்களை எடுத்துவிட்டு, பையை என்னிடம் கொடுத்தார்.

“அவளுக்கு இனிமே வேண்டாம். நீ வச்சுக்கோ.”

உள்ளே ஜாமெட்ரி பாக்ஸ்கூட இருந்தது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் எரிந்த வயிறு எனக்கு அன்றுதான் குளிர்ந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று, தெருவில் இரண்டு தடவை போய்வந்தேன்.