மின்சார பஸ்ஸும் அப்பாவும்

பஸ் பணிமனையில் அவளைத் தீப்பெட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் பொடிசு, உரசினால் பற்றிக்கொள்வாள். படிப்பை முடித்த கையோடு அங்கே மின்சார பஸ் பராமரிப்புப் பயிற்சிக்குச் சேர்ந்தவள். அதே கொட்டகையில் அவளுடைய அப்பா டீசல் இன்ஜின் மெக்கானிக். அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே எண்ணெய்க் கறையோடு வீடு திரும்புகிறவர்.

புதிதாக வந்த மின்சார பஸ்களுக்கு விழா எடுத்தார்கள். இளைஞர்கள் சார்பில் அவள் பேச வேண்டும் என்பது மேலாளரின் ஏற்பாடு. "புகையில்லாத ஊரு, இளைஞர்கள் கையில எதிர்காலம்னு சுருக்கமா முடிச்சிடும்மா. போட்டோ நல்லா வரணும்," என்றார். அவளுக்கும் சந்தோஷம்தான். படிக்கிற காலத்திலேயே புகைக்கு எதிராகத் தெருவில் அட்டை பிடித்து நின்றவள் அவள்.

மேடையேறும் முன் தண்ணீர் குடிக்க அலுவலகத்துக்குப் போனாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலாளர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"பயிற்சி சின்னப் பசங்களுக்கு மட்டும்தான். பழைய ஆளுங்க டீசல் வண்டி ஓடுற வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் வண்டி கழுவ அனுப்பிடலாம். இன்னிக்கு யாரும் மூச்சு விடாதீங்க, விழா கெட்டுடும்."

பாதி குடித்த டம்ளரை வைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள்.

மேடையேறி மைக்கை வாங்கினாள். எதிரே அப்பா, மடிப்புக் கலையாத சட்டையில். சொன்னால் தன் இடம் பறிபோகும். சொல்லாவிட்டால் நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

"புகை ஒழியணும்னு ஆசைப்படுறவ நான். ஆனா புகையோட சேர்த்து எங்க பெரியவங்களையும் வெளிய தள்ளுவீங்கன்னா, இந்த மேடையில எனக்கு என்ன வேலை? அவங்களுக்கும் பயிற்சி உண்டா இல்லையா, சார்? இங்கேயே சொல்லுங்க."

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ மைக்கை அணைத்தார்கள். அப்பா எழுந்தார். கைதட்டப் போகிறார் என்று ஒரு கணம் நினைத்தாள். அவரோ திரும்பியும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்காகப் பேசச் சொல்லி உன்கிட்ட யார் கேட்டா?"

"உங்களுக்குத் தெரியாம உங்களை..."

"போன மாசமே தெரியும். கூப்பிட்டுச் சொன்னாங்க. நான் சண்டைக்கு நின்னா உன் இடம் போயிடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். எல்லாத்தையும் குட்டிச்சுவராக்கிட்டே."

அவளுக்குப் பொங்கிவிட்டது. "உங்களை மிதிச்சுத்தான் நான் மேல ஏறணுமாப்பா?"

"ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்துறேன்னு ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டைக் கொளுத்திடாதீங்க," என்றாள் அம்மா. அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் பணிமனை வாசலிலேயே காவலாளி அவளை மறித்தார். "உள்ள விட வேண்டாம்னு உத்தரவும்மா. என்னைத் தப்பா நினைக்காதே." கூடப் பயிற்சி பெறுகிறவர்கள் சுற்றி நின்றார்கள். "எங்க பொழப்புலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டியே," என்று ஒருத்தி சீறினாள். தீப்பெட்டிக்கு அழுகை முட்டியது.

அப்போது நெட்டையன் என்று கூப்பிடப்படும் பையன் பையைக் கீழே வைத்துவிட்டு வாசலிலேயே சம்மணம் போட்டான். "எங்க மாமாவும் அந்த டீசல் கொட்டகையிலதான் இருக்காரு. இவ வராம நானும் வரல." இன்னொருவன் உட்கார்ந்தான். பிறகு மற்றவர்களும். சீறியவள் கடைசியில், முகத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்தாள். சார்ஜ் ஏற்றத் தெரிந்தவர்கள் எல்லோரும் வாசலில் இருக்க, புது பஸ்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

வேலைக்கு வந்த அப்பா அவர்களை ஒரு பார்வை பார்த்தார். நேராக மேலாளர் அறைக்குள் போனார். வாசலிலிருந்து பார்க்க, அறைக் கண்ணாடி வழியே அவர் முதுகு மட்டும் தெரிந்தது. கெஞ்சுகிறாரா, சண்டை போடுகிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் வாசலுக்கு வந்ததும் ஓடிப்போய்க் கேட்டாள்.

"பசங்களோட என்னையும் உட்கார வைங்க. தேறலைன்னா நானே வாளியைத் தூக்கிக்கிறேன்னு சொன்னேன்," என்றார்.

மேலிடத்தோடு பல நாள் இழுபறி. கடைசியில் பெரியவர்களுக்கும் பயிற்சி என்று முடிவானது. ஆனால் அவளைச் சும்மா விடவில்லை. அடுத்த குழு தொடங்கும்வரை வண்டி கழுவும் வேலை. அவள் தண்ணீர்க் குழாயோடு நிற்க, அப்பா வகுப்புக்குப் போனார். முதல் தேர்வில் கோட்டைவிட்டார். அன்றிரவே பாடக்குறிப்பை மறுபடி எடுத்து வைத்தார். மறுமுறை தேறினார்.

அவளும் பயிற்சி முடித்து அவரோடு ஒரே நேரத்தில் வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு, ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அவராகவே பேச்செடுத்தார்.

"நீ பேசினது சரிதான். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பேசியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களாப்பா?"

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். "விட்டிருக்க மாட்டேன்," என்றார்.