லில்லிச் செடிக்குக் கீழே நான்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லண்டனுக்கு வந்து மிச்சம் என்ற ஊரில் ஒரு கடை, அதற்கு மேலே வீடு, சகோதரங்களுக்கு நான்கு கலியாணங்கள், எங்கள் தேவாலயப் பங்குத் தமிழருக்கு ஒரு மண்டபம், அதன் பீடத்துக்குப் பின்னால் ஒரு மாதா படம். எல்லாம் என்னால் எழும்பியவை. கடைசியாகச் சொன்னதை மட்டும் ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை.

கடைக்கு முன்பு, எண்பதுகளில், ஓர் ஓவியக்கூடத்தில் காவலுக்கு நின்றேன். என் அறை முழுக்கப் பழங்காலத்துப் பீடப் படங்கள். அவற்றில் வானமில்லை, நிழலில்லை. பின்னால் வெறும் பொன். குளிர்காலப் பின்னேரங்களில் வெளிச்சம் மங்க மங்க, அந்தப் பொன் மட்டும் உள்ளிருந்து விடியும். என் சப்பாத்து தரையில் படுகிறதா என்றே தெரியாது. நீல உடுப்பில் மாதா கதவளவு உயரம். அர்ச்சிஷ்டவர்கள், அந்தப் புனிதர்களெல்லாம், அவர் இடுப்பளவு. அங்கே பெரிசு சிறிசு தூரத்தால் அல்ல, மதிப்பால். மாதா மடியிலிருக்கும் பாலன் கையிலுள்ள குருவி, வரப்போகும் சிலுவைப் பாடுகளுக்கு அடையாளம்.

கீழ் மூலையில் பூனையளவில் ஒருவன் முழந்தாளில் இருப்பான். யாரோ பிள்ளையாக்கும் என்று ஒரு வருடம் நினைத்திருந்தேன். ஆட்களுக்குப் படம் விளக்க வரும் பெண்மணியிடம் கேட்டேன். காசு கொடுத்து அந்தப் படத்தைச் செய்வித்தவனாம். எத்தனையோ நூறு வருடமாக அங்கேயே இருக்கிறான். எழும்பு என்று ஒருவரும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் மண்டபத்துக்குப் படம் கீற ஒரு மன்னார்ப் பெடியனைப் பிடித்தேன். ஞாயிறுதோறும் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தேன்.

"வானம் வேண்டாம் தம்பி. பொன் பூசு."

"அண்ணை, ஆக்கள் நிக்க நிலம் வேணாமோ?"

"மோட்சத்தில ஏது நிலம்? பூசு!"

இடது மூலையில் ஒரு சாண் உயரத்தில், மண்ணிறக் கோட்டோடு, முழந்தாளில் நான். அதையும் கீறினான். திறப்புவிழாவுக்கு முன்பு மண்டபச் சபைத் தலைவர் பார்க்க வந்தார்.

"இதென்ன அண்ணை, கலியாண அல்பமே? மூலையில நீங்களும் நிக்கிறியள்!"

"நிக்கேல்லை, முழந்தாளில இருக்கிறன்."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு போனால், என்னை முழுக்க மூடிக்கொண்டு ஒரு லில்லிச் செடி பூத்திருந்தது. மாதாவின் தூய்மைக்கு அடையாளம். நான் சொல்லிக் கொடுத்ததுதான். விழாப் புத்தகத்தில் கீறியவன் பெயர் மட்டும் வந்தது.

இப்போதும் பூசைக்குப் போனால் கண் அந்தச் செடியின் அடியில்தான் நிற்கும். பொன்னுக்குள் நான் மெல்ல மூச்சு விடுவதுபோல இருக்கும்.

மண்டபத்துக்குப் புது விழா மலர் அச்சாகிறதாம். சபையாரே, அதில் போடுங்கள்: கீறியது அவன் கை, எது எங்கே என்று அடுக்கியது நான். லில்லியை அழிக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு சாண் பொன் சும்மா கிடக்கிறது. என்னை அங்கே திரும்ப வையுங்கள்.