பாக்கியலெட்சுமி கொண்டுவந்த போத்தல்

நம்பினால் நம்புங்கள், இது போன ஐப்பசியில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் நிஜமாகவே நடந்தது. றின்ஸாவின் குறிப்புப் புத்தகத்தில் நேரம்கூட எழுதியிருக்கிறது.

றின்ஸா பதுளை டவுன் பிள்ளை. படிப்பு முடிந்து ஆய்வுகூடத்தில் முதல் வேலை. தோட்டத்துச் சனங்களின் சிறுநீரில் ஒரு புரதத்தை அளப்பாள். அது கூடினால் சிறுநீரகம் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆளுக்கு இரண்டு மாதிரி. இரண்டும் ஒத்துவந்தால்தான் வாய் திறக்கலாம் என்பது அங்கே சட்டம்.

கொழுந்து பறிக்கும் பாக்கியலெட்சுமிக்கு முதல் மாதிரியிலேயே அளவு எக்கச்சக்கம். றின்ஸாவுக்கு உடனே போய்ச் சொல்லத் தோன்றியது. ஆனாலும் சட்டத்துக்குப் பயந்து மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் முடிந்த அன்று பின்நேரம், இரண்டாம் மாதிரி வாங்க, கொழுந்துக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தோட்டத்துப் பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெளியே மழை கொட்டியது.

மணி 4.22.

டக்... டக்...

கதவைத் திறந்தாள். பாக்கியலெட்சுமி. அத்தனை மழையிலும் அவள் தலையில் ஒரு துளி ஈரமில்லை.

"வாங்க அக்கா. போத்தல் கொண்டாந்தீங்களா?"

"இது என்னோடது இல்ல மிஸ். எம் மக தயானியோடது."

வாங்கும்போது விரல் பட்டது... ஐஸ்.

போத்தல் மட்டும் இளஞ்சூடாக இருந்தது.

"அப்ப ஒங்கட ரெண்டாவது போத்தல்?"

"எனக்கு இனிமே வேணாம் மிஸ். அவளுக்காவது சீக்கிரம் சொல்லிருங்க."

றின்ஸா பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

ஆளில்லை.

வாசல் சேற்றில்... காலடியும் இல்லை.

மறுநாள் தயானியின் போத்தலுக்கு இயந்திரம் காட்டிய அளவும் கூடத்தான். ஆனால் இன்னும் மருந்தில் குணமாகக்கூடிய கட்டம். இந்த முறை றின்ஸா சட்டம் பார்க்கவில்லை. பாக்கியலெட்சுமியின் நம்பருக்கு அடித்தாள். புருஷன் பொன்னையா எடுத்தார்.

"ஐயா, அக்காவக் கொஞ்சம் கூப்பிடுங்க."

"அவ செத்து ஒம்பது நாளாச்சுங்க. காலு வீங்கி, மூச்சு வாங்கி... 'மிஸ் ஒண்ணுஞ் சொல்லலியே, அப்ப பயமில்ல'ன்னு ஆஸ்பத்திரிக்கே போகல."

றின்ஸா வாய்விட்டு அழுதாள். அந்தப் பேச்சு இன்றும் அவளைத் தூங்க விடுவதில்லை. அழுதுகொண்டே கேட்டாள்.

"தயானியையாவது காப்பாத்தணும் ஐயா. இப்பவே பதுளைக்குக் கூட்டிட்டு வாங்க."

பொன்னையாவின் குரல் குழம்பியது.

"தயானி குவைத்துல இருக்காளுங்க. ரெண்டு வருசமாச்சு. தாய் செத்ததுக்கே வர முடியல..."