பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த தட்டு

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு முறைதான். அதுவும் ஒரு பிரிட்ஜைப் பற்றி.

அப்போது நான் நாலாம் வகுப்பு. மயிலாப்பூரில் தெப்பக்குளத்தை ஒட்டிய தெருவில், இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் காலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வரும். டயர், தேங்காய் ஓடு, பூந்தொட்டி, பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, இவற்றில் தண்ணீர் தேங்க விடாதீர்கள் என்று ஓர் ஆண்குரல் சொல்லிக்கொண்டே போகும். நாலு வயதுத் தம்பி அதை சுலோகம் போல மனப்பாடம் செய்துவிட்டான். வீட்டில் பாட்டு வகுப்பு எடுத்த அம்மா, அந்தக் குரலுக்குச் சுருதி சேரவில்லை என்று மட்டும் வருத்தப்பட்டாள்.

அந்த வாரமே கொசுப்புழு பார்க்கிற பெண்மணி வந்தார். வார்டு சுகாதார அலுவலகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். கடற்கரையோர நொச்சிக்குப்பத்துக்காரர். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, கையில் டார்ச். குளியலறை வாளி, பால்கனித் தொட்டிகள் எல்லாம் பார்த்துவிட்டு, "மாமி, பிரிட்ஜி எங்க கீது? பின்னாடி தட்டு ஒண்ணு இருக்கும், பாத்துட்டுப் போய்டறேன்" என்றார்.

பிரிட்ஜ் சமையலறையில் இருந்தது. எங்கள் சமையலறைக்குள் வெளியாட்கள் வருவதில்லை. பாத்திரம் தேய்க்க வருகிறவர்கூடப் பின் பால்கனியிலேயே தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போவார்.

"ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்து உள்ளே பிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி உறுமத் தொடங்கியது. மூன்று பேருமே கேட்டோம். அந்தப் பெண்மணி சமையலறை வாசலைப் பார்த்தார். பிறகு, "செரி மாமி" என்று கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாடி ஏறினார்.

"ஏம்மா, பிரிட்ஜ் நம்மாத்துலதானே இருக்கு?"

"பெரியவா பேசறச்சே நடுவுல வராதே. போய் வாய்ப்பாடு எழுது."

எனக்குத் தெரியாமல் உள்ளே ஐஸ்கிரீம் ஒளித்துவைத்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். திறந்து பார்த்தால் தோசை மாவும் கறிவேப்பிலையும்தான்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மிளகுக் கஷாயம், நெற்றியில் ஈரத்துணி என்று மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது. காய்ச்சல் விட்டதென்று அம்மா சாமிக்கு விளக்கேற்றினாள். சாயங்காலம் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள். அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மழையிலேயே ஆட்டோ பிடிக்க ஓடினார். டெங்கு என்றார்கள். அம்மா ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். அப்பா சமைத்த உப்புமாவை நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

காய்ச்சல் கண்ட வீடு என்பதால் அந்தப் பெண்மணி மறுபடி வந்தார். அப்பா அவரை உள்ளே அழைத்துப்போனார். சமையலறை நிலைப்படியில் அவர் நின்றார்.

"உள்ள வர்லாமா சார்?"

"வாங்கோம்மா, வாங்கோ."

இருவருமாகப் பிரிட்ஜை முன்னால் இழுத்தார்கள். பின்னால், கீழே ஒரு கறுப்புத் தட்டு. அவர் அதை உருவி எடுத்து டார்ச் அடித்து, "இங்க வா பாப்பா, பாரு" என்றார். தண்ணீரில் ரவை அளவுத் தலையோடு, நூல் துண்டுகள் மாதிரி ஏதோ நெளிந்து நெளிந்து மேலே வந்துபோயின. எனக்கு அவை அழகாகத்தான் இருந்தன.

தட்டை அவரே மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்க் கொட்டி, நாரால் அழுத்தித் தேய்த்தார். "சொம்மா கொட்டினா பத்தாது சார். முட்டை ஒட்டிக்கினு இருக்கும். வாரம் ஒருவாட்டி தேச்சிடணும்." பிறகு கேட்டார்: "புள்ள எப்டி கீறான்?"

அப்பா தட்டைக் கையில் வாங்கித் துடைக்கத் தொடங்கினார்.

"தண்ணி குடிக்கிறானா? ஒண்ணுக்குப் போறானா?"

அப்பா தலையாட்டினார்.

"அப்ப தேறிடுவான் சார். எம் பொண்ணுக்கும் போன மழைக்கு வந்துச்சி. இப்போ இஸ்கூலு போய்க்கினு கீது."

ரிப்பேருக்குப் போன பிரிட்ஜைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போது திரும்பி வந்தது என்று கேட்பார் என எதிர்பார்த்து, ஒரு பதிலும் யோசித்துவைத்திருந்தேன்.

தம்பி பிழைத்து வந்தான். கால் குச்சியாகி, கொஞ்ச நாள் என்னோடு சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் இருந்தான்.

அடுத்த முறை அந்தப் பெண்மணி வந்தபோது, அவர் கேட்பதற்கு முன்பே அம்மா சமையலறைக்குக் கூட்டிப்போனாள். பிரிட்ஜைத் தானே இழுத்தாள். தட்டு பளபளவென்று காய்ந்து கிடந்தது.

"ஒக்காருங்கோ. ஒரு வாய் காபி சாப்ட்டுட்டுப் போகலாம்."

புது டிகாக்ஷன் இறக்கிப் பால் காய்ச்சினாள். வீடே மணத்தது. அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் வரிசையாக இருந்தன. அம்மாவின் கை அங்கே போனது. கொஞ்சம் நின்றது. பிறகு மேல்தட்டுக்குப் போய், கொலுவுக்கு வாங்கியதில் மீந்திருந்த காகிதக் கோப்பை ஒன்றை எடுத்தது. பூப்போட்ட கோப்பை. நான் எத்தனை கெஞ்சியும் எனக்குக் கொடுக்காதது.

அந்தப் பெண்மணி கோப்பையைப் பார்த்தார். "வேணாம் மாமி. இன்னும் ரெண்டு தெரு பாக்கி கீது" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அம்மா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். காபி ஆடை கட்டிய பிறகு பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள்.

மறுவாரம் அவர் வந்ததும் நான் முந்திக்கொண்டு கேட்டேன். "உங்களுக்குக் காபி பிடிக்காதா?"

அவர் என் கன்னத்தைத் தட்டினார். "பிடிக்குமே பாப்பா. டெய்லி மூணு வாட்டி குடிப்பேன்."

அப்படியானால் அன்றைக்கு ஏன் வேண்டாம் என்றார் என்று அம்மாவைக் கேட்கத் திரும்பினேன். அம்மா அதற்குள் பால்கனிக்குப் போய், காயாத துணிகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கியிருந்தாள்.