மூன்றாவது சரணம்

“தியாகராசா கேதீஸ்வரன். உரும்பிராய். வயது ஐம்பத்துநான்கு. சிறந்த வெங்காயச் செய்கையாளர். அமைதியான சுபாவம் கொண்டவர். பிறர் உயர்வு கண்டு மகிழ்பவர். ஓய்வு நேரங்களில் பண்ணிசையில் திளைப்பவர்.”

விவசாய விழாவில் வாசித்துக் கொடுக்கப்பட்ட பாராட்டுப் பத்திரம் இப்படிச் சொல்கிறது. வெங்காயம் வரைக்கும் சரி.

கேதீஸ்வரன் திளைப்பது நோர்த் ஹாபர் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவில். நாலு பேர். நாலு பேருக்கும் இப்போது எழுபது தாண்டிவிட்டது. தண்ணீர் இறைக்கும்போது மோட்டருக்குப் பக்கத்தில் போனை வைத்து, மோட்டரை வெல்லும் சத்தத்தில் அவர்களைப் பாடவிடுவார். பக்கத்துத் தோட்டக்காரர் முதலில் சண்டைக்கு வந்தார். பிறகு, பாட்டு கேட்காத நாளில் கேதீஸுக்குக் காய்ச்சலோ என்று விசாரிக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்.

பிறர் உயர்வு கண்டு மகிழ்பவர் என்பதும் முழுப் பொய்யல்ல. ஊரில் எவர் மாடி வைத்தாலும் மனதார மகிழ்வார். லண்டனில் இருக்கும் சித்தியின் மகன் றமேஸ், நோர்த் ஹாபரின் கச்சேரியில் நின்று படம் எடுத்து அனுப்பினால் மட்டும் அன்றைக்குச் சோறு இறங்காது. றமேஸ் பதினொரு தரம் போயிருக்கிறார்.

“கையைத் தூக்கிக்கொண்டு நிண்டால் ரசிகனோ? உவன் கலியாண வீட்டுக்குப் போறமாதிரியெல்லோ போய்வாறான்” என்பார் மனைவி பிரசாந்தியிடம்.

“விசா கிடைச்சால் நீங்களும் போவியள்தானே.”

“அது வேறை.”

பதினொரு கச்சேரிக்கும் எதிராக அவரிடம் ஒன்று இருந்தது: மூன்றாவது சரணம்.

போர் நடந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை அழுத்திவிட்டு ஒருவர் மிதித்தால் ரேப் ரெக்கோடர் பாடும். ஊர் முழுக்க அப்படி மிதித்துச் செய்தி கேட்டது. கேதீஸ்வரன் நோர்த் ஹாபர் கேட்டார். கப்பலில் வேலைசெய்த பெரியப்பா கொண்டுவந்த ஒரேயொரு கசெற். அதில் கடலுக்குப் போய்த் திரும்பாத தமையனைப் பற்றி ஒரு பாட்டு. மூன்றாவது சரணத்தில் அது மெல்ல மெல்லத் தளரும்; குரல் கனத்து, கிற்றார் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கும். பாடகனுக்கு அந்த இடத்தில் துக்கம் தாங்கவில்லை என்று கேதீஸ்வரன் கண்டுபிடித்தார். கலியாணமான முதல் கிழமையே பிரசாந்திக்கு இதை விளக்கினார்.

இடப்பெயர்வில் கசெற் தொலைந்தது. பல வருஷம் கழித்து அதே பாட்டு போனில் வந்தபோது, மூன்றாவது சரணம் மற்ற இரண்டின் வேகத்திலேயே ஓடி முடிந்தது. வேறொருவர் என்றால் தன் ஞாபகத்தைச் சந்தேகித்திருப்பார். கேதீஸ்வரன் பாட்டை வெளியிட்ட கம்பனியைச் சந்தேகித்தார். நல்ல பாட்டைத் திருத்திக் கெடுத்துவிட்டார்கள். அசல் தன் காதில்தான் இருக்கிறது. பதினொரு தரம் போனவனுக்கும் அது கிடையாது.

போன ஆவணியில் றமேஸ் விடுமுறைக்கு வந்தார். நோர்த் ஹாபர் இனி மேடையேறாது என்று அறிவித்திருந்த நேரம். உள்ளூர் வானொலி ஒன்று காலை நிகழ்ச்சிக்கு அவரைக் கூப்பிட்டது. கேதீஸ்வரனைக் கூப்பிடவில்லை. அவர் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

“பற்றரி இல்லாத காலத்திலை எப்பிடிக் கேட்டனீங்கள்?” என்றாள் அறிவிப்பாளர் மதுரா.

“கசெற் எங்கடை கேதீஸ் அண்ணையின்ரை. அவர் பாயிலை படுத்திருந்து கேட்பார், நான் மிதிப்பன்” என்றார் றமேஸ். “ஒரு பாட்டு சரியான நீளம். மூண்டாவது சரணம் வரேக்கை என்ரை கால் ஓய்ஞ்சு போம். பாட்டும் இழுபடத் தொடங்கும். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு ‘ஆகா’ எண்டுவார். பாடுறவன் அழுறான் எண்டு நினைச்சிட்டார் போலை.”

மதுரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பாத்தி நிரம்பி வழிந்தது. கேதீஸ்வரன் அசையவில்லை. அந்தச் சரணத்தைச் செய்தது பாடகன் அல்ல, றமேஸின் கால். அப்படியென்றால் முப்பத்துமூன்று வருஷமாக அவர் யாருடைய ரசிகர்? பதினொரு கச்சேரியும் ஒரு பக்கம் கிடக்கட்டும். இதையும் உவனா கொண்டுபோக வேண்டும்?

தேத்தண்ணியுடன் வந்த பிரசாந்தி பார்த்துக்கொண்டிருக்கவே வானொலிக்குப் போன் எடுத்தார்.

“வணக்கம், ஆர் கதைக்கிறது?”

“கேதீஸ்வரன். றமேஸின்ரை அண்ணை. தம்பி மாறிச் சொல்லுறான். மிதிச்சது நான். படுத்திருந்தது அவன்.”



“ஓம், அண்ணை சொன்னால் சரியாத்தான் இருக்கும்” என்றார் றமேஸ். “கனகாலம். எனக்கு மறந்துபோச்சு.”

“அப்ப ஓய்ஞ்சது உங்கடை காலோ, ஐயா?” என்றாள் மதுரா.

“என்ரை கால்தான்.”

பின்னேரம் சந்திக் கடையில் அவருக்கு ராச மரியாதை. “உந்தக் காலோ அண்ணை மிதிச்சது?” என்று ஒருவர் குனிந்தே பார்த்தார். வாங்கிய பிளேன்ரீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

“பாயிலை படுத்திருந்து கேட்டனான் எண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்” என்றார் பிரசாந்தி.

“அவன் ஏன் ஓம் எண்டவன்?”

“உங்கடை மானம் போகக்கூடாதெண்டு.”

“அதுதான் பொறுக்கேலாமல் கிடக்கு.”

தட்டிப் பறித்திருந்தால் அது அவருடையதாகியிருக்கும். றமேஸ் அதை, வீட்டில் இன்னும் இரண்டு கிடக்கிறது என்பதுபோலத் தூக்கிக் கொடுத்துவிட்டார். இந்த வகைப் பொறாமைக்கு மருந்தில்லை.

மறுநாள் காலை கேதீஸ்வரன் அதே நிகழ்ச்சிக்கு மீண்டும் எடுத்தார். மிதித்தது றமேஸ் என்றார். படுத்திருந்து கேட்டது தான்தான் என்றும், அந்தப் பாட்டை அப்படிக் கேட்ட ஆள் உலகத்திலேயே வேறு கிடையாது என்றும் சொல்லிவிட்டு, போனை வைத்தார்.