அந்த ஹோர்ன் காருக்கா, எனக்கா?

கண்டியில் கார் வாடகைக்கு விடும் ஓர் இடத்தில், மழை விட்டிருந்த ஒரு காலையில், டொக்டர் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். அங்கே ஸ்டியரிங் இல்லை. அந்தக் கைகள் ஒரு கணம் அப்படியே அந்தரத்தில் நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை. பக்கத்தில் வான் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. இறங்கி, காரைச் சுற்றி வந்து, வலப்பக்கக் கதவைத் திறப்பதற்கு முன் என்னிடம், "அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வெளிநாட்டிலிருந்து வருகிற பலர் இப்படி இடம் மாறி ஏறுவதுண்டு, அதற்குத்தான் என்றேன். "எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார்களா?" என்றார். ஆமாம் என்றேன். அது உண்மையா என்று எனக்கே நிச்சயமில்லை.

அவர் கானா நாட்டுப் பெண். அங்கே வாகனங்கள் பாதையின் வலப்பக்கமாக ஓடும். கொழும்பில் ஏதோ மருத்துவப் பயிற்சிக்கு வந்தவர், அது முடிந்ததும் மூன்று நாள் மலைநாட்டைப் பார்க்க ஆசைப்பட்டார். நான் அப்போது கண்டி நகரத்தில் ஒரு லேர்னர்ஸில், அதாவது கார் ஓட்டப் பழக்கும் பள்ளியில், வேலை செய்துகொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான், பள்ளி மட்டும் வேறு. டொக்டர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, சாரதி வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பாதை சொல்லவும் சிங்களத்தில் பேசவும் ஒரு பெண் வேண்டும் என்றார். எனக்கு முதலில் சந்தேகம்தான். சாரதியோடு வான் எடுத்தால் காலை நீட்டிக்கொண்டு போகலாம். இவர் ஏன் பழக்கமில்லாத பக்கத்தில், பழக்கமில்லாத மலைப்பாதையில் தானே ஓட்டப் பார்க்கிறார்? அவருக்கும் என்மேல் அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை. என் அடையாள அட்டையையும் காரின் இலக்கத்தகட்டையும் படமெடுத்துத் தன் தங்கைக்கு அனுப்பிவிட்டுத்தான் காரை எடுத்தார்.

காரணத்தைப் பேராதனை தாண்டியபோது அவராகவே சொன்னார். இதற்கு முன் வேறொரு நாட்டில் ஒரு சாரதி அவரை பெட்ரோல் அடிக்கும் ஒரு செட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வரவேயில்லையாம். "பின் சீட்டில் இருந்தால் நான் ஒரு சாமான். ஸ்டியரிங் என் கையில் இருந்தால், பிடிக்காத இடத்திலிருந்து நான் போய்விடலாம்."

முதல் நாள் கடுகண்ணாவைக் கணவாய்க்குப் போய்த் திரும்பினோம். ஓட்டுவதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் கைக்குப் பழைய ஞாபகம் போகவில்லை. சிக்னல் போட நினைத்து வைப்பரைப் போடுவார், வெயிலில் கண்ணாடி கிறீச்சென்று துடைபடும். வளைவு முடிந்ததும் கார் தானாக வலப்பக்கம் போகப் பார்க்கும். எங்கள் பள்ளிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இந்தக் காரில் இல்லை. என் வலது கால் நாள் முழுவதும் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. பின்னால் வருகிற பஸ்கள் விடாமல் ஹோர்ன் அடித்தன. ஒவ்வொரு முறையும் டொக்டர் கேட்டார்: "அந்த ஹோர்ன் காருக்கா, எனக்கா?"

நான் விளக்கினேன். ஒரு முறை அடித்தால் வருகிறேன் என்று அர்த்தம், இரண்டு முறை அடித்தால் வழி விடு, நீளமாக அடித்தால் அவனுக்கு அவசரம். டொக்டர் தலையாட்டுவார். அடுத்த ஹோர்னுக்குக் கண்ணாடியில் அந்தச் சாரதியின் முகத்தைத் தேடுவார். நானும் தேட ஆரம்பித்தேன். இருபது வருடமாக என் காதில் விழுந்தும் விழாமலும் இருந்த சத்தம், அன்றைக்கு ஒவ்வொன்றும் யாரையோ பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது.

கணவாய்க்கு மேலே ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். அங்கே நின்றவர்களில் ஒருவர் சிங்களத்தில், "பார், காப்பிரி ஒருத்தி கார் ஓட்டுகிறாள்" என்றார். எங்கள் தமிழில் காப்பிலி என்பார்களே, அதே சொல், ஆப்பிரிக்கர்களை இளப்பமாகச் சொல்வது, நல்ல சொல் அல்ல. என்ன சொன்னார் என்று டொக்டர் கேட்டார். பெண் ஓட்டுவதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார் என்றேன். டொக்டர் தேநீரை வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். வழிச்செலவு எழுதுகிறார் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் தெல்தெனியப் பக்கம் போனோம். சில வருடங்களுக்கு முன் கலவரத்தில், தமிழ் பேசும் முஸ்லிம்களின் கடைகள் எரிந்த பாதை அது. அந்தப் பக்கம் போகும்போது நான் போனில்கூடத் தமிழில் பேசமாட்டேன். என் சிங்களம் சுத்தமானது. கத்தோலிக்கப் பெயர் என்பதால் பெயரைக் கேட்டாலும் என்னைச் சிங்களம் என்றே நினைப்பார்கள். நானும் திருத்துவதில்லை. அப்படித்தான் நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி மேட்டில் இருந்த ஒரு விடுதியில் போன் பண்ணி இரண்டு அறை பதிந்திருந்தேன். வெளிநாட்டு லேடி டொக்டர் ஒருவர் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

விடுதிக்காரர் எங்களை வாசலில் பார்த்ததும் முகம் மாறியது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மரியாதையாகத்தான், தணிந்த குரலில் சொன்னார்: "மிஸ், நீங்கள் இப்படிப்பட்ட ஆள் என்று சொல்லவில்லையே. நீங்கள் தங்குவதென்றால் தங்குங்கள். அவருக்கு வேறு இடம் பாருங்கள். மற்ற விருந்தினர்கள் என்ன நினைப்பார்கள்?" நான் டொக்டரிடம் திரும்பி வந்து, தவறு நடந்துவிட்டது, அறைகள் நிரம்பிவிட்டன என்றேன். டொக்டர் விடுதிக்காரருக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தார். அதில் ஐந்து சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

காருக்குள் ஏறியும் அவர் ஸ்டார்ட் பண்ணவில்லை. நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைப் புரட்டி, "காப்பிரி. இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். உச்சரிப்புக்கூடப் பிழையில்லை. நான் சொன்னேன். "இந்த விடுதிக்காரர் என்ன சொன்னார்?" அதையும் சொன்னேன். உங்களுக்கு வலிக்கக்கூடாது என்றுதான் மறைத்தேன் என்றேன். அது பாதிதான் உண்மை. ஊர் வெட்கப்படக்கூடாது என்பதும் ஒரு காரணம்.

டொக்டர் குரலை உயர்த்தவில்லை. "இதைவிட மோசமானதெல்லாம் கேட்டிருக்கிறேன், அது எனக்குப் பழக்கம். ஆனால் இனி நீங்கள் சொல்லும் எதை நான் நம்புவது? நல்லவர் ஒருவர் நல்லது சொன்னாலும் அதை நீங்களாகக் கட்டிச் சொன்னது என்றுதானே நினைப்பேன்?"

மழை பிடித்துக்கொண்டது. வந்த வழியாகத் திரும்பாமல், போனில் வரைபடம் காட்டிய கீழ்ப்பாதையால் இறங்கினோம். ஒரு வளைவில் கம்பில் சிவப்புத் துணி கட்டிய ஒருவர் குறுக்கே நின்று கையைக் காட்டினார். கீழே மண் சரிந்திருக்கிறது, மேல்பாதையால் திரும்பிப் போங்கள் என்றார். நான் அதை அப்படியே சொன்னேன். மேல்பாதை அந்த விடுதி வாசலால் போகும். டொக்டர் என்னைப் பார்த்தார். "உண்மையாகவா? அல்லது இவருக்கும் என்னை இந்தப் பக்கம் விடப் பிரியமில்லையா?" உண்மையாகத்தான் என்றேன். என் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு அப்போது ஒரு பெறுமதியும் இருக்கவில்லை. அவர் சிவப்புத் துணிக்காரரை விலகி ஓரமாகக் காரை விட்டார்.

இரண்டாவது வளைவில் பாதை பாதிதான் இருந்தது. மீதி ஒரு தேயிலைச் செடியோடு கீழே போயிருந்தது. டொக்டர் பிரேக்கை மிதித்தார். கார் சேற்றில் கொஞ்சம் வழுக்கி நின்றது. வலப்பக்கம் பள்ளம், இடப்பக்கம் மண்சுவர், திருப்ப இடமில்லை. மேட்டில் பின்னோக்கித்தான் எடுக்க வேண்டும். அவர் ரிவர்ஸ் கியரைப் போட்டு, ஊரில் செய்வதுபோல வலது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தார். இந்தக் காரில் அந்தப் பக்கம் கதவுக் கண்ணாடியும் பள்ளமும்தான் தெரியும். இடப்பக்கமாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நான் இறங்கிப் பின்னால் ஓடினேன். கார் பின்வாங்கியபோது பின்சக்கரம் விளிம்பை நோக்கிப் போவதைப் பார்த்து, "நிப்பாட்டுங்க! பிரேக்க அடிங்க!" என்று கத்தினேன். தமிழில். அவருக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் நின்றார்.

சிவப்புத் துணிக்காரர் எங்களுக்குப் பின்னால் ஓடி வந்திருந்தார். மண் அள்ளிக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். டொக்டர் கண்ணாடியை இறக்கி, "அவர் சொல்வதை ஒரு சொல் விடாமல் சொல்லுங்கள்" என்றார். சிவப்புத் துணிக்காரர் கோபத்தில் கத்தினார். நான் அவருடைய சொற்களை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் திருப்பிக் கத்தினேன்: "இந்தக் காப்பிரிக்குக் கண் தெரியாதா? நான் என்ன, விளையாட்டுக்கா அங்கே நின்றேன்? இடப்பக்கம் ஒடிக்கச் சொல். இன்னும் ஒடிக்கச் சொல். டயர் விளிம்பில் இருக்கிறது. மெதுவாக விடச் சொல்."

டொக்டரின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். வசவு முழுதாக வந்ததால்தான் அதன் பின்னால் வந்த வழியை அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். இடப்பக்கம் ஒடித்தார். மெதுவாக விட்டார். மூன்று பேரும் காரின் முன்பக்கத்தைத் தள்ளினார்கள். அவர்களுடைய முழங்கால்வரை சேறு. அகலமான இடம் வந்ததும் டொக்டர் இறங்கி, மூவருக்கும் கை கொடுத்தார். சிவப்புத் துணிக்காரர் தன் கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துவிட்டுக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: "மிஸ் தமிழா?"

ஆமாம் என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுத் துணியைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

கண்டிக்குத் திரும்பும் வழியில் டொக்டர் அதையும் விடவில்லை. சிவப்புத் துணிக்காரர் கடைசியில் என்ன கேட்டார் என்றார், சொன்னேன். "அப்படியானால் நீங்கள் கத்தும்வரை அவருக்குத் தெரியாதா?" தெரியாது என்றேன். "எப்படி இருக்கும் அது? கேட்கும்வரை தெரியாமல் இருப்பது?" குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பித்தான் கேட்டார். தெரிந்துவிடுமோ என்ற பயமும் கூடவே இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அன்றிரவு தங்க அவரைக் கெலிஓயாவுக்குக் கூட்டிப்போனேன். நான் அங்கே அக்காவோடு இருந்தேன். எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அக்கா மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவள். வெளிநாட்டு டொக்டர் ஒருவர் வருகிறார் என்று போனில் சொன்னேன். அவளிடமும் அவ்வளவுதான் சொன்னேன்.

பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அக்கா நல்ல சேலை உடுத்திக்கொண்டு கதவைத் திறந்தாள். டொக்டரைப் பார்த்தாள். சிரிப்பு மாறாமலே என்னிடம் தமிழில் சொன்னாள்: "என்னடி இது, வெள்ளைக்காரம்மான்னுல்ல நெனச்சேன். இவ்வளவு கறுப்பா இருக்காளே. புது பெட்ஷீட்டு எடுத்து வச்சிருக்கேனே."

இதைச் சொன்னவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் நிறத்தைச் சொல்லித் திரும்பிப் போயிருக்கின்றன. அவள் அழுததை அறைக்கு வெளியே நின்று நான் கேட்டிருக்கிறேன்.

டொக்டர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். விடுதிக்காரரின் வார்த்தையைச் சொல்வது இதைவிட லேசாக இருந்தது. சொன்னேன். பெட்ஷீட்டையும் விடவில்லை.

டொக்டர் அக்காவைப் பார்த்து, "என்னிடம் சொந்த விரிப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள். எங்கே போனாலும் கொண்டுபோவேன்" என்றார். நான் சொன்னதும் அக்காவின் முகம் கறுத்தது. "அடிப்பாவி, அதையெல்லாமா சொல்லுவ?"

"இப்போது என்ன சொன்னார்?"

"அதையெல்லாமா சொல்லுவாய் என்று கேட்கிறாள்."

டொக்டர் சிரித்தார். இரண்டு நாளில் முதல் தடவையாக, தோள் குலுங்கச் சிரித்தார். அக்கா குசினிக்குள் போய்விட்டாள். பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. பிறகு சோற்றுக் கோப்பையோடு வந்து மேசையில் வைத்து, டொக்டரின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம், "சோறு ஆறுதுன்னு சொல்லு. கை கழுவிட்டு வரச் சொல்லு. மன்னிப்புக் கின்னிப்புன்னு எங்கிட்ட எதிர்பாக்க வேணாம்னும் சொல்லு. எல்லாத்தையும்தான் சொல்றியே" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் கை கழுவிவிட்டு வந்து சாப்பிட்டார். மாசிச் சம்பலை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

மறுநாள் காலையில் அவர் படுத்த கட்டிலில் அக்காவின் புது பெட்ஷீட் மடிப்புக் கலையாமல் கால்மாட்டில் இருந்தது. தன் விரிப்பில்தான் படுத்திருந்தார். அக்கா தன் பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். நாங்கள் காரில் பெட்டியை ஏற்றும்போது அவள் பின்பக்கம் கிணற்றடியில் அதைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

டொக்டரும் பார்த்துவிட்டார். "அதை நான் உபயோகிக்கவே இல்லையே. ஏன் துவைக்கிறார்?"

"தெரியாது" என்றேன்.

அவர் என் முகத்தைக் கவனமாகப் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினார். அவர் நம்பினார் என்றே நினைக்கிறேன். நான் சொன்னது உண்மைதான். அக்காவிடம் இன்றுவரை அதை நான் கேட்டதில்லை.